படகைக் கவிழ்க்கக் கற்றுக்கொண்ட சனிக்கிழமை

கோமதி, நீயும் உன் தம்பியும், உங்களோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்ற மூன்று பிள்ளைகளும் வருகிற சனிக்கிழமை முதல் பாய்ப்படகுப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளர்களாக நிற்கப் போகிறீர்கள். இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா, "ஆரம்பிச்சிட்டாரு" என்று எழுந்து போய்விடுவாள். கேட்கிற ஆள் எழுந்து போனால் எனக்குச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் தம்பியை விட்டுத் திருத்தச் சொல். சேதியை மட்டும் திருத்த வேண்டாம்.

பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது, "எத்தனை நாளாகும்?" என்பதுதான். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்றால் இரண்டு வாரம் என்று சொல்லுங்கள். ஓரளவு தெரிந்தவர் என்றால் ஒரு மாதம். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் தேதி எதுவும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது. அதிலும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. காசிமேட்டில் ஒரு விசைப்படகில் இன்ஜின் டிரைவர். போனால் திரும்பப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். ஒரு தடவை கரைக்கு வந்து உன்னைத் தூக்கினேன். உனக்கு ஒன்றரை வயது. யாரோ திருடன் தூக்கிவிட்டான் என்பதுபோல நீ அலறினாய். அன்றைக்கே உன் அம்மா சொல்லிவிட்டாள், தினமும் வீட்டுக்கு வருகிற மாதிரி ஒரு வேலையைப் பார், இல்லையென்றால் இந்தக் குழந்தைக்கு உன்னை அடையாளம் காட்ட ஒரு போட்டோவாவது எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்பக்கம், கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற கழியில் அந்தப் பள்ளியை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். ஆறு சின்னப் பாய்ப்படகு, ஒரு ரப்பர் போட், தகரக் கொட்டகை ஒன்று. ரப்பர் போட்டை ஓட்டவும், தண்ணீரில் விழுகிறவர்களைத் தூக்கவும் ஆள் தேவை என்றார்கள். தூக்கத்தில்கூட ஓட்டுவேன் என்று போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. கொட்டகையைக் கூட்டுகிறவர் உட்பட யாராக இருந்தாலும், மூன்று மாதத்துக்குள் புதியவர்களுக்கான பயிற்சியை முடிக்க வேண்டும். பாய்ப்படகை ஓட்டிக் காட்ட வேண்டும், கவிழ்த்துக் காட்ட வேண்டும், நிமிர்த்திக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதிலும் நிபந்தனையைச் சொன்ன ஆளைப் பார்த்து இன்னும் அதிகமாக வந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஒரு இருபத்து நாலு வயதுப் பெண். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. காலேஜில் என்சிசி கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய்ப்படகு கற்றவர். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் கூப்பிட்டேன், வாய்க்குள் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு கூப்பிடுவதுபோல.

முதல் நாளே கேட்டுவிட்டேன், உங்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போனவர்கள் உண்டா என்று.

"எங்கப்பா மெரினா வரைக்கும் போயிருக்காருண்ணா," என்றார். "செருப்பக் கழட்டல."

இவரிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

என்னோடு அதே வகுப்பில் மூன்று பேர். ஆறாவது படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது ஆள், சாத்தாங்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஐம்பது வயது, நல்ல கனம், வழுக்கை. உண்மையில் அவர் சேர்த்துவிட்டது அவர் மகனை. பையன் முதல் நாள் படகில் வாந்தி எடுத்தவன், மறுநாள் வரமாட்டேன் என்று கட்டிலடியில் புகுந்துகொண்டான். அதற்குள் அண்ணாச்சி மார்க்கெட் முழுக்க எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் கப்பலோட்டப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும் என்று தானே வந்துவிட்டார்.

"இரும்பு முங்கும்னு தெரியும் தம்பி," என்று என்னிடம் சொன்னார். "இரும்புக்கடைக்காரன் முங்குவானா மெதப்பானாங்கதுதான் பாக்கணும்."

முதல் பாடம், காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்வது. இதைவிட அவமானம் வேறு வேண்டுமா? நான் பட்டென்று அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தேன். முகத்துவாரத்தை ஒட்டிய எங்கள் மீனவக் குப்பத்தில் அப்படித்தான் பார்ப்போம். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் காற்று. கையை நீட்டி, தெற்கே என்றேன். அண்ணாச்சியைக் கண்ணை மூடச் சொன்னார்கள். அவர் மூடிக்கொண்டு, தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கனதான் மண்டை ஜில்லுங்கு," என்றார். அது கிழக்கு.

மேடம் அவர் சொன்னதுதான் சரி என்றார். நான் விடவில்லை. புகையே சொல்கிறதே என்றேன்.

"புகை அவ்ளோ ஒசரத்துல கீது. உங்க பாயி அவ்ளோ ஒசரத்துலயா கீது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் கோபமோ கிண்டலோ இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. அந்தப் புகையைப் பார்த்து நான் இருபது வருஷம் வீடு திரும்பியிருக்கிறேன். இன்ஜின் இருந்ததால், தப்பாகப் பார்த்தபோதும் வீடு வந்திருக்கிறேன். இன்ஜின் நம்முடைய தப்பையெல்லாம் மூடி மறைத்துவிடும். பாய் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் சொல்லித்தரும்போது புதியவர்களின் கண்ணை முதலில் மூடச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால், கழுத்தில், கன்னத்தில் காற்று எங்கே படுகிறது என்று கண்டுபிடித்த பிறகு திறக்கட்டும். வழுக்கை இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது கயிறு. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை ஒரு கையிலும், சுக்கானை மறு கையிலும் வைத்து உட்கார வேண்டும். காற்று திடீரென்று ஓங்கினால் படகு சாயும். சாய்ந்தால் கயிற்றை விட வேண்டும். விட்டால் பாய் தளர்ந்து படபடக்கும், படகு தானாக நிமிரும். சொன்னால் குழந்தைக்குக்கூடப் புரியும். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் புரிந்தது. என் கைக்குப் புரியவில்லை. இருபது வருஷமாக ஆபத்து என்றால் இந்தக் கை இன்ஜினை முறுக்கித்தான் பழக்கம். பெரிய அலை வந்தால் முறுக்கு, தண்ணீருக்கடியில் பாறைப் பார் மேல் மாட்டினால் முறுக்கு. அதனால் படகு சாய்ந்ததும் என் கை கயிற்றை இன்னும் பலமாக இழுத்தது. இழுக்க இழுக்கப் படகு இன்னும் சாய்ந்தது. நான் உடம்பை வெளியே தொங்கவிட்டு, கால் நடுங்க நடுங்க அதைப் பிடித்து நிறுத்தினேன். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேடம் தட்டவில்லை.

"கை பயந்தா இழுக்குதுண்ணா. பயந்தா விடணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல போல," என்றார்.

இப்படியே நான் இரண்டு மாதம் படகைச் சாயவிடாமல் பிடித்து நிறுத்திக்கொண்டே இருந்தேன். என் உடம்பில் அவ்வளவு பலம் இருந்தது. மற்ற மூவரும் விழுந்து விழுந்து எழுந்தார்கள். நான் ஒரு தடவைகூட விழவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

உண்மைக் காரணத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஆள் கடலுக்குப் போயிருக்கும்போது உன் அம்மா குடத்தையோ சட்டியையோ குப்புற வைக்கமாட்டாள். கழுவினாலும் மல்லாக்க வைத்துத் துடைப்பாள். செருப்பு புரண்டு கிடந்தால் காலால் திருப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. கவிழ்வது என்ற சொல்லையே வீட்டில் சொல்லமாட்டோம். யாருக்காவது அப்படி நடந்துவிட்டால், "போட்டுக்கு ஒடம்பு சரியில்லையாம்" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போனவனிடம், படகைக் கையாலேயே கவிழ்த்துக் காட்டு, அதுதான் பரீட்சை என்றால் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு சனிக்கிழமையும் கவிழ்க்கும் பயிற்சி நடக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வாரம் காதுவலி. ஒரு வாரம் ரப்பர் போட்டின் பெட்ரோல் பைப்பில் கசிவு, அதை நான்தான் சரி செய்ய வேண்டும். ஒரு வாரம் உறவில் ஒரு பெரியவர் சாகக் கிடந்தார். பாவம், அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். மேடம் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சரிண்ணா என்றார். மூன்று மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை விடிந்ததும்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு கவுக்கலன்னா திங்கக்கெழம வேற ஆளு வந்துருவாரு. ஆபீஸ்ல பேரு குடுத்துட்டாங்க. என் கைல இல்ல."

திங்கட்கிழமை விடியற்காலை காசிமேட்டில் என் பழைய விசைப்படகு புறப்படுகிறது. வருகிறாயா என்று ஏற்கெனவே ஆள் விட்டுக் கேட்டிருந்தார்கள். பதினைந்து நாள் கடல். அப்போதுதான் நீ என்னைப் பார்த்து அழாமல் கையை நீட்ட ஆரம்பித்திருந்தாய்.

கோமதி, அவ்வளவு தெரிந்தும் நான் அன்றைக்குக் காலையில் என்ன செய்தேன் தெரியுமா? தள்ளிப்போட்டேன். எட்டு மணிக்குத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்றேன். ஒன்பது மணிக்குப் பாய்க்கயிறு ஒன்று நைந்திருக்கிறது என்று மாற்றினேன். நன்றாக இருந்த கயிறு. பத்து மணிக்கு டீ. வழக்கமாக இந்தப் பயிற்சியைக் காலை ஒன்பது மணிக்குள், படகுத்துறைக்கு நேர் எதிரே, ஆழமில்லாத இடத்தில் முடித்துவிடுவார்கள். எங்கள் குப்பத்துப் படகுகள் அப்போது கடலில் இருக்கும். கழி காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. குப்பத்துப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று அங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், இன்னும் ஒரு அரை மணி நேரம்.

பதினொன்றரைக்குப் படகில் ஏறினோம். நானும் அண்ணாச்சியும். இரண்டு பேர் படகு. அவர் ஏற்கெனவே தேறிவிட்டார், எனக்குத் துணையாக வந்தார். மேடம் ரப்பர் போட்டில் சற்றுத் தள்ளி. கடல்காற்று எழுந்திருந்தது, தண்ணீர் வடிந்து முகத்துவாரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. நான் இதோ, இதோ என்று ஓட்டிக்கொண்டே இருந்ததில் படகுத்துறை தூரமாகப் போய்விட்டது.

கவிழ்ப்பது சுலபம். காற்று தள்ளுகிற பக்கத்திலேயே நாமும் போய் உட்கார்ந்தால் போதும். அண்ணாச்சி போய் உட்கார்ந்தார். நான் மனசார அந்தப் பக்கம் போக நினைத்தேன். உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மூன்று தடவை இப்படி நடந்தது.

"நான் ஒரு பக்கமா சாயுதேன், நீரு மறுபக்கம் சாயுதீரு," என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பேரும் சேந்து படக நல்லா நேரா வச்சிருக்கோம் தம்பி. மார்க்கெட்டுத் தராசு தோத்துச்சு."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். எழுந்து, என் சட்டையைப் பின்பக்கம் கொத்தாகப் பிடித்து, இரும்புப் பட்டையைப் புரட்டுகிற மாதிரி என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். படகு போய்விட்டது.

அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மெதுவாகத்தான் சாய்ந்தது. பாய் தண்ணீரில் படுத்தது. நான் மேலே வந்தேன். அண்ணாச்சி ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில், குளத்தில் நிற்கிற எருமை மாதிரி நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது.

முகத்துவாரத்தில் மூன்று ஃபைபர் போட்டுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. எங்கள் குப்பத்துப் படகுகள். முன்னால் வந்தது என் மச்சான், உங்கள் தாய்மாமன். மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பின. மூன்று இன்ஜினும் ஒரே நேரத்தில் முறுக்கப்பட்டன.

கவிழ்ந்த படகைக் கண்டால் எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். யோசிக்கமாட்டார்கள். வலை தண்ணீரில் கிடந்தால் அறுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். பத்து வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பியாக இருந்தாலும் வருவார்கள். படகு யாருடையது, ஏன் கவிழ்ந்தது என்பதெல்லாம் ஆளைத் தூக்கிய பிறகுதான். நானே அப்படிப் போயிருக்கிறேன். போகிறவனுக்கு அந்த நேரத்தில் முன்னால் இருக்கிற கவிழ்ந்த படகு மட்டும்தான் தெரியும். தண்ணீரில் நாலு கை தூரத்தில் மிதக்கிற தலை தெரியாது. எங்கள் பாய்க்கயிறு தண்ணீருக்கடியில் பாம்புபோல விரிந்து கிடக்கும், அதுவும் தெரியாது. அது இன்ஜின் விசிறியில் சுற்றினால் படகு, பாய், கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளின் கால் எல்லாம் சேர்ந்து உள்ளே போகும். அண்ணாச்சி இருந்தது சரியாக அந்தப் பக்கம், அவர்கள் வருகிற பக்கம்.

மேடம் ரப்பர் போட்டை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். நிறுத்து என்று. நான் படகின் வயிற்றில் தொற்றி ஏறி என் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். வராதே என்று.

ஆட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. எங்கள் கடலில் துணியைக் கழற்றி ஆட்டினால் ஒரே அர்த்தம்தான். சீக்கிரம் வா, ஆள் போகிறது. நானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பொம்பளைப் பிள்ளை வேறு கையைத் தூக்கிக் கத்துகிறது. மூன்று படகும் இன்னும் வேகமாக வந்தன.

கத்தினால் கேட்காது. கை காட்டினால் தப்பாகப் புரியும். நீந்திப் போய்ச் சொல்ல நேரமில்லை. கவிழ்ந்த படகைப் பார்த்து வருகிறவனை நிறுத்த ஒரே வழி, கவிழ்ந்த படகே அங்கே இல்லாமல் செய்வதுதான். இதை நான் ஒரு பெரிய புத்தியாகச் சொல்லவில்லை. வேறு எதுவும் மிச்சம் இல்லை.

அண்ணாச்சியைப் படகுக்கு உள்பக்கமாக, பாய் கிடக்கிற பக்கம் போய் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, போனார். நான் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற நடுப்பலகையில் ஏறி நின்று, ஓரத்துக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். மூன்று மாதம் அடுத்தவர்கள் செய்யப் பார்த்தது. படகு மெல்ல எழுந்தது. பாதி எழுந்ததும் பாய்க்குள் காற்று புகுந்து திரும்பப் பளாரென்று படுத்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. முதல் படகின் முகப்பில் நிற்கிற என் மச்சான் கையில் கயிற்றுச் சுருள் இருப்பது தெரிந்தது. தூக்கி வீசத் தயாராக இருந்தான்.

படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. கடையில் பையனிடம் சொல்வதுபோல நிதானமாக.

"தம்பி, பாய்க்கயிறு மாட்டிக்கிட்டு கெடக்கு. நான் எடுத்து விட்டுட்டேன். இப்ப இழும்."

விழும்போது விட வேண்டிய கயிறு. என் கை அதை இறுக்கிச் செருகிவிட்டு விழுந்திருக்கிறது. மூன்றாவது தடவை சாய்ந்தேன். பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது, காற்றில் படபடவென்று அடித்தது. படகு நிமிர்ந்து நின்றது. ஓரத்தைப் பிடித்திருந்த அண்ணாச்சி, படகு எழுந்தபோதே மீன் மாதிரி உள்ளே அள்ளப்பட்டுக் கிடந்தார். நான் பின்பக்கமாக ஏறி விழுந்தேன்.

இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. முதல் படகு எங்களிடமிருந்து ஏழெட்டு முழத்தில், அலையை மட்டும் எங்கள் மேல் அனுப்பிவிட்டு நின்றது.

மச்சான் கயிற்றுச் சுருளோடு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"யோவ் மாமா, உசுரோட கீறியா?"

இருக்கிறேன் என்றேன்.

"இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை, நாங்களாகத்தான் கவிழ்த்தோம் என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே அப்புறம்தான் கவனித்தேன்.

அவன் என்னைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான். "நீங்களாவா?" என்றான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. படகின் மேல் நின்ற என்னைத் தூரத்திலிருந்தே அவன் அடையாளம் கண்டுவிட்டானாம். தன் அக்காளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தானாம். எனக்கும் கோபம்தான். வராதே என்று ஆட்டினேனே, இரண்டு பேருடைய காலையும் எடுத்திருப்பாயே என்று கத்தினேன்.

"துணிய கழட்டி ஆட்டிகினு கீற, வராம இன்னா பண்ணுவாங்க? நீ வருவியா மாட்டியா?"

வருவேன்.

மேடம் ரப்பர் போட்டை நடுவில் கொண்டுவந்தார். இன்ஜினை அணைத்தார். எங்கள் ஆட்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். வந்ததற்கு நன்றி என்றார். இனிமேல் வந்தால் ஐம்பது முழத்தில் இன்ஜினை நிறுத்தித் தூக்கிவிட்டு, துடுப்பு போட்டு வாருங்கள் என்றார். மூன்றாவது படகில் இருந்த ஒரு பெரியவர், இது விளையாட்டா நிஜமா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டாம், எப்போதும் வாருங்கள், இன்ஜினை மட்டும் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் மேடம். பெரியவர் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். நான் ஏற்கெனவே மனசுக்குள் வேலை நிரந்தரமாகி, அந்தச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இப்ப செஞ்சது கணக்குல வராது."

ஏன் என்றேன். நிமிர்த்தவில்லையா?

"நிமித்துனது பாஸு. கவுத்தது அண்ணாச்சி. அதுவும் நீங்க கயித்த விடல. திரும்ப ஒரு தபா, நீங்களே, நிதானமா."

எதிரே மூன்று படகு. பதினோரு பேர். எல்லோரும் ஏதோ ஒரு வழியில் எனக்கு உறவு. இவர்கள் முன்னால், நல்லபடியாக நிற்கிற ஒரு படகை நானே கவிழ்க்க வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலையை நினைத்தேன். பதினைந்து நாள் கழித்து வந்தால் நீ கையை நீட்டுவாயா, மறுபடி அலறுவாயா என்று நினைத்தேன். அண்ணாச்சி அவர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை சட்டையைப் பிடிக்கவில்லை.

கயிற்றை இழுத்துப் பாயில் காற்றை ஏற்றினேன். எழுந்து, காற்று தள்ளுகிற பக்கமாகப் போனேன். உட்கார்ந்தேன். படகு சாய ஆரம்பித்தது. என் உடம்பு வேண்டாம் என்றது, வாயை மூடு என்று உடம்புக்குச் சொன்னேன். தண்ணீர் ஓரத்தைத் தொட்டதும் கையைத் திறந்தேன். கயிறு ஓடியது. கவிழ்ந்தோம்.

மேலே வந்து மூன்று படகையும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் தலைத்துண்டை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். மச்சான் தன் படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதித்துவிடாமல் தன்னை நிறுத்தி வைத்திருந்தான். பாவம், அவர்களுக்கு அதைப் பார்ப்பது எனக்குச் செய்வதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். பலகையில் ஏறினேன், சாய்ந்தேன். முதல் தடவையிலேயே படகு எழுந்து நின்றது.

மேடம் வாட்சைப் பார்த்து, நோட்டில் ஏதோ எழுதி, மூடினார். "திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துருங்கண்ணா," என்றார்.

என் மச்சான் எட்டிப் பார்த்தான். பன்னிரண்டு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவன். கண் அகலமாக இருந்தது.

"இன்னொரு தபா கவு மாமா," என்றான். "எப்படி நிமித்துனன்னு நான் சரியா பாக்கல."

அன்றைக்கு ஐந்து தடவை கவிழ்த்தேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான் எனக்கு வேலை.